சிரிப்புக் கொடை

பேழையின் மேல் உட்கார்ந்தது தணிகாசலத்தின் தப்புதான். கால் வலித்தது, லிஃப்டில் உட்கார வேறொன்றும் இல்லை. பேழையின் தாழ் படக்கென்று விட்டுக்கொண்டது. காலையிலிருந்து பக்கத்து அடுக்ககத்தில் வீடு வீடாக ஏறிச் சேர்த்த சிரிப்புகள் அத்தனையும் ஒரே சமயத்தில் வெளியே கொட்டின. ஏழாவது மாடியில் கதவு திறந்தபோது, கூட்டமே சிரிக்கும் லிஃப்டில் அழாத குறையாக ஒரே ஓர் ஆள் நின்றிருந்தார்.

"உள்ள எத்தன பேருங்க?" என்றார் வெளியே பால் பாக்கெட்டோடு நின்றவர். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் ஒருத்தன்தாங்க."

"அப்ப நான் படியிலயே இறங்கிக்கறேன்."

சிரிப்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. பேழை காலி. சாயங்காலத்துக்குள் ஒன்றாவது வேண்டும்.

தணிகாசலத்தின் தம்பி சபாபதிக்கு உறைதுயர். கண் திறந்தபடியே ஆள் கல்லாகிவிடும் நோய். மகிழ்கொடை அறக்கட்டளையின் வார்டில், யாருடைய சிரிப்பையாவது காது வழியாகச் செலுத்தினால் மறுநாள் வரை சாப்பிடுவான், பேசுவான். இல்லாவிட்டால் மூச்சுவிடவே மறந்துபோவான். தினம் வேறு யாரோ ஒருவராகச் சிரிப்பான். போன வருஷம் ஒரு நாள் பெண் குரலில் கிணுகிணுவென்று சிரித்து, கடைசியில் 'விக்' என்று ஒரு விக்கல் விட்டான். அன்றிரவு தணிகாசலம் விளக்கை அணைக்காமல் படுத்தார்.

எதிரே ஒருவர் சிரித்தால் பேழை அந்தச் சிரிப்பை நரம்புத் துடிப்போடு உறிஞ்சிக்கொள்ளும். கொடுத்தவருக்கு நஷ்டமில்லையா என்று கேட்டால், "முடி வெட்டிக்கற மாதிரி சார்" என்பார் மேலாளர். மறுபடி வளருமா என்று கேட்டால் டீ சொல்லுவார்.

தணிகாசலம் முதல் மணியை அடித்தார். அவரிடம் இருந்தது ஒரே சரக்கு.

"வீட்டு வேலை செய்யற இயந்திரத்துக்கு, என்னை மாதிரியே இருக்கக் கத்துக்கொடுத்தேங்க. இப்ப அது சோபாவுல படுத்துக்கிட்டு என்னைக் காப்பி கேக்குது."

கதவைத் திறந்த கண்ணாடிக்காரர் யோசித்தார். "புரியுது. நல்லாத்தான் இருக்கு" என்று கதவைச் சாத்தினார்.

அடுத்த வீட்டு அம்மாள் உதட்டைச் சரியாக விரித்தாள், சத்தம் வரவில்லை. பேழை விளக்கு எரியவில்லை. "அப்புறம் வாங்களேன்." அதற்கடுத்த வீட்டில் புதுமணத் தம்பதி, இரங்கல் கூட்டத்தில் நிற்பதுபோல் கைகட்டிக் கேட்டார்கள். தணிகாசலம் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார், வழுக்கி விழுந்தும் காட்டினார். நிஜமாகவே முட்டித் தோல் உரிந்தது. "பாத்துப் போங்க சார்" என்றார்கள்.

தாழ்வாரம் முழுக்க நிசப்தம். தொலைக்காட்சி நகைச்சுவைக்குக் கைதட்டல் மட்டும் எங்கோ கேட்டது, அதுவும் பெட்டிக்குள்ளிருந்து.

கடைசிக் கதவைத் திறந்தவள் ரெஜினா. நிலைக்கு மேல் பெயர் இருந்தது. ஜோக்கை முழுக்கக் கேட்டாள். பேழையைப் பார்த்தாள், பிறகு அவரை.

"ஏம்மா, நீயாவது மறைக்காம சொல்லு. வார்டுல என் தம்பி காத்துக்கிட்டு இருக்கான். என் ஜோக்கு அவ்வளவு மட்டமாவா போச்சு?"

அப்போது உள்ளறையில் ஒரு குழந்தை எதற்கோ சிரித்தது. கிணுகிணுவென்று தொடங்கி, 'விக்' என்று முடிந்தது.

பேழையில் பச்சை விளக்கு எரிந்தது. சிரிப்பை உறிஞ்ச மூடி தானாகவே மேலெழும்பியது. தணிகாசலம் இரண்டு கையாலும் அதை அமுக்கினார்; அது போதாமல், மறுபடியும் அதன் மேலேயே உட்கார்ந்தார்.

ரெஜினா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிக்கவேண்டிய இடம்தான்.

"உங்க ஜோக்குக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லண்ணா. போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. மாடி மொத்தமும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் சிரிப்பே வரல. பாப்பா அப்ப பொறக்கல."