ஒரு பாதி மட்டும் போட்ட தட்டு

ஒளிரக் கூடாத தட்டில் பச்சை தெரிந்தது. மைக்ராஸ்கோப் அறையில் பகலிலும் இருட்டுதான்; கறுப்புத் திரைக்குப் பின்னால் இயந்திரத்தின் விசிறி ஓயாமல் முனகிக்கொண்டிருக்க, ஸ்பிரிட் வாடையும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் மூக்கில் ஏற, அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் மானிட்டரைப் பார்த்தாள். ஒவ்வொரு செல்லின் ஓரத்திலும் மெல்லிய பச்சைக் கோடு.

உயிருள்ள செல்லின் சவ்வில் குடியிருக்கும் இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. பச்சையாக ஒளிரும் வேறொரு புரதத்தை இரண்டாக வெட்டி, இதற்கொரு பாதி அதற்கொரு பாதி என்று வாலாகக் கட்டிவிடுவாள். தனியாக எந்தப் பாதியும் ஒளிராது. இரண்டும் நெருங்கினால் பாதிகள் சேர்ந்துகொள்ளும். நீல விளக்கில் பச்சையாக மின்னும். சேர்ந்தபின் பிரியாது, அதுதான் இந்த முறையில் உள்ள வம்பு. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த இந்தத் தட்டில் அவள் ஒரு பாதியை மட்டுமே போட்டிருந்தாள்.

"பிளேட்டை மாத்தி வச்சிருப்பீங்கம்மா," என்றார் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்.

"இது மூணாவது தடவைண்ணா. புது செல்லு. எல்லாத்தையும் நானே கலந்தேன்."

"அப்ப நான் கலந்து பாக்கறேன்."

அவர் கலந்த தட்டு கன்னங்கரேலென்று கிடந்தது. "உங்க கைராசி அப்படி," என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் கையுறை கிழிந்து, மற்றப் பாதி கலந்த கரைசல் ஆள்காட்டி விரலில் ஒரு சொட்டு பட்டிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியதோடு மறந்துபோன விஷயம். இப்போது அந்த விரலை அவருடைய தட்டின் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பக்கத்துச் செல்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. விரலை மறுபக்கம் கொண்டுபோனாள். பச்சையும் பின்னாலேயே வந்தது.

கையுறையைக் கழற்றி நீல டார்ச்சை அடித்தாள். விரல் ரேகை முழுக்கப் பச்சை.

டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கதவைத் திறந்ததும் ஐந்து வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் 'வாலு', கையை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தது.

"கிட்ட வராதே!"

வாலு உதட்டைப் பிதுக்கியது. "குழந்தைகிட்ட ஏன் எரிஞ்சு விழறே?" என்றான் கணவன். "அந்த மூக்கு உன்னோடது, பிடிவாதமும் உன்னோடது. பாதி நீதானே அவ."

பாதி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். காய்ச்சல் என்று சொல்லி அறைக்குள் போனாள். வாலு ஒருமுறை உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டதிலிருந்து அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாற்காலியை அண்டக் கொடுத்துவிட்டு, கைக்கு இரண்டு உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு படுத்தாள். காலையில் டாக்டரிடம் போய்விடலாம். அதுவரை பிள்ளையைத் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பயமாக இருந்தது. புரண்டாள். எழுந்து நாற்காலியை அழுத்திப் பார்த்தாள். மறுபடி படுத்தாள். வெளியே கரண்டிச் சத்தம், டிவி சத்தம், குட்டிக் கால்கள் ஓடும் சத்தம். எப்போது கண் அயர்ந்தாள் என்று தெரியவில்லை.

விழித்தபோது ஜன்னல் இருட்டியிருந்தது.

நாற்காலி நகர்ந்திருந்தது.

பக்கத்தில் சின்ன மூச்சு. தரையில் உறைகள்.

"கை வேர்த்திருந்துச்சும்மா. நான்தான் கழட்டினேன்."

அவள் அசையவில்லை.

"அம்மா."

"ம்."

"கைய விடும்மா. வலிக்குது."

அவள் விரல்களை விரித்துத்தான் வைத்திருந்தாள்.

மறுகையால் பையைத் துழாவினாள். டார்ச். நீல வெளிச்சம். இரண்டு உள்ளங்கைகள். நடுவே இடைவெளி இல்லை. எது எங்கே முடிகிறது என்றும் தெரியவில்லை. சுற்றிலும் பச்சைக் கோடு. அது சின்ன மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"விடும்மா."