பதினொன்று இருபது பேருந்து

அவள் குடையை மடக்கிய வேகத்தில், அதன் நுனி அவனுடைய கட்டுப்போட்ட கையில் நேராகப் போய்க் குத்தியது.

"ஆ...!"

"ஐயோ, மன்னிச்சிருங்க... பின்னாடி ஆள் நிக்கிறதே தெரியலை!"

அவள் திரும்பினாள். லீவன் வலியை மறந்தான். சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள்... அழுது முடித்தவையா, இனிமேல்தான் அழப்போகின்றனவா? ஜெர்மனியின் எல்லை ஊரான ஆகனில், ரயில் நிலைய வாசலில் கொட்டிக்கொண்டிருந்த மழையெல்லாம் அந்த இமைகளில்தான் தொங்குவது போலிருந்தது.

அவள் அவனை விட்டுவிட்டுப் பேருந்து ஓட்டுநரிடம் திரும்பினாள்.

"ஒரே ஒரு இடம்... கெண்ட் வரைக்கும் நின்னுக்கிட்டே வர்றேன். டோர்ட்மண்ட்ல ஏறினேன், பெல்ஜியத்துல வேலைநிறுத்தம்னு ரயிலை இங்கேயே நிறுத்திட்டாங்க. எங்கப்பா ஆஸ்பத்திரியில இருக்கார். காலையில டாக்டர் போன் பண்ணினார். அப்பா இப்போ பேசுறார், சாயங்காலம் வரைக்கும் தாங்குவாரான்னு தெரியலைன்னு..."

"நின்னுக்கிட்டு வரக்கூடாதும்மா. சட்டம். வண்டியும் நிறைஞ்சிருச்சு."

லீவனின் சட்டைப் பையில் கைபேசி. கைபேசிக்குள் பயணச்சீட்டு. பதினொன்று இருபது, கெண்ட், ஜன்னலோர இருக்கை. சீட்டில் பெயரை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

கொடுத்துவிடு என்றது மனம். கொடுத்தால் இவள் ஏறிப் போய்விடுவாளே என்றது அதே மனம். பெயர்கூடத் தெரியாமல்... இந்தக் கண்கள் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிடும்.

முப்பத்தாறு வயதில், பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிற ஒரு மனிதனுக்கு இப்படியெல்லாம் தோன்றலாமா? தோன்றியது. அவன் வாயைத் திறக்கவில்லை.

அவள் எதிரே இருந்த வாடகைக் கார் கடைக்கு ஓடினாள். வரிசையைவிட்டு விலகி அவனும் பின்னால் போனான்.

"கடன் அட்டை வேணும்மா" என்றாள் கடைக்காரி.

"இது எங்க ஊர் பேங்க் அட்டை! இதைக் காட்டித்தான் வீடே வாங்கினேன்!"

"வீடு வாங்கலாம். இங்கே கார் எடுக்க முடியாது."

ஜெர்மன்காரர்களில் பாதிப் பேர் இப்படித்தான். கடன் அட்டை என்றாலே ஏதோ ஒட்டுவார் ஒட்டி போல ஒதுங்கி நிற்பார்கள். அவசரத்துக்கு ஒரு கார் எடுக்க வரும்போதுதான் முழி பிதுங்கும்.

"என்கிட்ட இருக்கு" என்றான் லீவன். "நானும் கெண்ட்தான். வண்டியை என் பேர்ல எடுக்கலாம், நீங்க ஓட்டுங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியாது."

அவள் நிமிர்ந்தாள். "முன்னே பின்னே தெரியாதவர்கிட்ட நான் உதவி வாங்குறதில்லை."

"குடையால குத்தினீங்களே... அதுக்கப்புறமும் தெரியாதவரா?"

அவள் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பில்லை. ஆனால் சிரிப்பு எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரிந்தது.

"பஸ் பிரஸ்ஸல்ஸ்ல அரை மணி நேரம் நிக்கும். கார்ல ரெண்டே மணி நேரம்தான். பஸ்ஸுக்கு முன்னாடி நாம போயிடலாம்" என்றான். பொய்யில்லை. வரைபடம் அப்படித்தான் சொன்னது. அதைச் சொல்லிச் சொல்லி அவன் தன்னையும் நம்பவைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி நினைப்பு வந்ததும் அவளுடைய வீறாப்பு உடைந்தது. தலையாட்டினாள். லீவன் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்திட்டான். அவள் பக்கத்தில் நின்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் சாவி கைக்கு வந்தபோது பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம் இருந்தது.

அவள் பெயர் எல்கே. பெல்ஜிய எல்லை தாண்டும்போது சொன்னாள்.

"கை எப்படி உடைஞ்சுது?"

"சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்."

"ரொம்ப வேகமோ?"

"சைக்கிள் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

இந்த முறை சிரித்தேவிட்டாள். அந்த ஒரு சிரிப்புக்கு இன்னொரு கையையும் உடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான் லீவன்.

பிறகு அவளாகவே சொன்னாள். ஆறு வருடங்களுக்கு முன் அப்பா வேறொருத்தியுடன் கெண்டுக்குப் போய்விட்டார். 'இனி என் மூஞ்சியில முழிக்காதீங்க' என்று அன்று அவள் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. "போய் என்ன பேசுறதுன்னுகூட யோசிக்கலை. போனாப் போதும்..."

லியேஜ் நகரைத் தாண்டியதும் சாலை நின்றுபோனது. முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து, மூன்று தடத்தையும் அடைத்துக் கிடக்கிறது என்றது வானொலி. ஒரு மணி... ஒன்றரை... இரண்டு. மழை மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. எல்கே ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு இருபத்திரண்டுக்கு லீவனின் கைபேசி அதிர்ந்தது. 'உங்கள் பேருந்து கெண்ட் வந்து சேர்ந்தது.' லாரி கவிழ்வதற்குப் பத்து நிமிடம் முன்பே அது அந்த இடத்தைக் கடந்திருக்கிறது. அவன் திரையை அணைத்தான்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய கைபேசி அடித்தது. அவள் கேட்டாள். "எப்போ?" என்று மட்டும் கேட்டாள். வைத்தாள்.

"ரெண்டு அம்பதுக்கு..." என்றாள். "கடைசி வரைக்கும் நினைவு இருந்ததாம். கதவையே பார்த்துக்கிட்டிருந்தாராம்."

அழவில்லை. அழுதிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

கெண்ட் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு டிராமில் பத்தே நிமிடம். கணக்கு அவன் தலைக்குள் தானாகவே ஓடியது. கால் மணி நேரம்... அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள கால் மணி நேரம் இருந்திருக்கும். அதை இவன் தின்றுவிட்டான்.

சொல்லாமலே இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு...

"எல்கே... அந்தப் பஸ்ல எனக்கு இடம் இருந்துச்சு."

அவள் வைப்பரின் வேகத்தைக் கூட்டினாள்.

"உங்களுக்குக் கொடுத்திருக்கணும். கொடுக்கலை. கொடுத்தா நீங்க போயிடுவீங்கன்னு... உங்க பக்கத்துல கொஞ்ச நேரம் இருக்கணும்னு ஆசைப்பட்டேன். பார்த்த அந்த நிமிஷமே உங்களைப் பிடிச்சுப்போச்சு. அதைச் சொல்ற தகுதி இப்போ எனக்கு இல்லை. என்னைத் திட்டுங்க. இறங்கச் சொன்னா இப்பவே இறங்கிடுறேன்."

வைப்பர் இடமும் வலமும் போய் வந்தது. அவள் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே பேசினாள்.

"தெரியும்."

"என்ன...?"

"நீங்க கையெழுத்துப் போடும்போது தாள்ல உங்க பேரைப் பார்த்தேன். வெளியே டிரைவர் அதே பேரைத்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தார், வராத ஒரு ஆளைத் தேடி. ரெண்டு தடவை. கதவு திறந்துதான் கிடந்தது." அவள் குரல் உடைந்தது. "பஸ் அப்போ நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு, லீவன். உங்ககிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்க. நான் கேட்கலை."

அவன் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்கள் இப்போதுதான் நிறைந்தன.

"தனியாப் போய் அவர் முன்னாடி நிக்கப் பயமா இருந்துச்சு. நீங்க பக்கத்துல இருந்தா பயம் குறையும்னு தோணுச்சு. குறைஞ்சுது... அதான் தாங்க முடியலை. இனிமே உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவுதான் தெரியும்."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். முன்னால் வண்டிகள் நகரத் தொடங்கியிருந்தன.

"இறங்கிடட்டுமா?" என்றான், மெதுவாக.

எல்கே கியரை மாற்றினாள்.

"இறங்காதீங்க" என்றாள். "அங்கே போய் என்னால தனியா நிக்க முடியாது."