விரல் போகும் திசையில் ஒரு கொலை!

"வீ...ல்!"

மில் சங்கையே தோற்கடித்தது ஞானபாக்கியத்தின் அலறல்!

1995-ம் வருஷ ராஜபாளையத்தில் ஷிப்ட் சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரி பார்க்கும். இவள் மட்டும் சுருண்டு விழுவாள். பாவம்! அப்படியொரு சங்கு ஊதிய நேரத்தில்தான் சேத்தூர் மாந்தோப்பில் அவள் புருஷன் தவசிமுத்து வெட்டுப்பட்டுச் செத்தான்... அவள் கண்ணெதிரே!

ஒரே சாட்சி அவள்தான். ஆனால் வாயைத் திறந்தால் தொண்டை அடைத்தது. கை கால் வெட்டி இழுத்தது.

போலீஸ் பிடித்து வைத்திருந்ததோ அவள் தம்பி சோலைராஜை! கொலைக்கு முதல் நாள் மச்சானின் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தான். போதாதா? மாசக் கடைசியில் கேஸ் கோர்ட்டுக்கு வருகிறது.

'எந் தம்பி இல்லய்யா!' என்று மனசுக்குள் கதறினாள். வெளியே வெறும் காற்றுதான் வந்தது.

"ஏம்மா பாக்கியம், எந்திரி..." தண்ணீர்ச் செம்போடு குனிந்தான் புருஷனின் அண்ணன் ஞானதுரை. "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டரம்மா விரலை ஆட்டியே வைத்தியம் பாக்காவளாம். நாளைக்கே போவோம்."

தங்கமான மனுஷன் என்றது தெரு.

*

"ஊசி கிடையாதா டாக்டர்?"

"கிடையாது அண்ணாச்சி." டாக்டர் கிருபாபாய் சிரித்தாள். "நடந்ததை மனசுல நிறுத்திக்கிட்டு, கண்ணு மட்டும் என் விரல் பின்னாலயே போகணும். இடது... வலது... போகப்போக அது அடங்கிரும்."

"அடங்கிருமா? நெசமாவா?"

"பெரும்பாலும் அடங்கும். நீங்க வெளிய இருங்க."

கதவு சாத்தப்பட்டது.

"என்ன பார்த்தீங்கன்னு எங்கிட்ட சொல்ல வேண்டாம்மா. மனசுல பார்த்தாப் போதும். பயம் பத்துக்கு எம்புட்டு?"

பத்து விரலையும் விரித்தாள்.

இடது... வலது...

மாந்தோப்பு. தூக்குச்சட்டி. சங்கு. ரத்தம்!

எழுந்து ஓடப் பார்த்தாள்.

"அது பழசும்மா. இப்ப எங்கூட இந்த ரூம்ல இருக்கீங்க. காலைத் தரையில அழுத்துங்க... இன்னும் செத்த நேரம் பார்ப்பமா? வேண்டாம்னா விட்ருவோம்."

ஜெயில் கம்பிக்குப் பின்னால் தம்பி முகம் தெரிந்தது. பார்ப்போம் என்று தலையாட்டினாள்.

இடது... வலது...

அரிவாளைத் தவசிமுத்துவின் வேட்டியிலேயே துடைத்துவிட்டு ஒருவன் திரும்பினான். 'தோப்புல பாதி கேட்டான்... முழுசாப் படுத்துக்கிடட்டும்! வாயத் தொறந்தே, நீயும் இங்கனதான்!'

ஞானதுரை!

கதவுக்கு அந்தப் பக்கம் அவளுக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிற அதே ஞானதுரை!

ஐயோ, அவள் மறந்தால்தானே! ஒரு நாள்கூட மறக்கவில்லை. அந்த முகத்தை நினைத்தாலே நாக்கு செத்துப்போனது.

டாக்டர் வெளியே வந்ததும் ஞானதுரை பரபரத்தான். "ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒரு வார்த்தைகூட இல்லை."

ஞானதுரைக்கு வாயெல்லாம் பல்.

வாராவாரம் பஸ் பிடித்தார்கள். ஒரு நாள் விரல் ஆடிக்கொண்டிருந்தபோதே அவளுக்குக் குரல் வந்தது!

"நா... நாந்தான் தடுக்காம நின்னுட்டேன்..."

"அருவாளோட நிக்கிறவனை எதை வச்சும்மா தடுப்பீங்க?"

விக்கி விக்கி அழுதாள். பொறவு பயம் எம்புட்டு என்று கேட்டபோது இரண்டு விரல் காட்டினாள்.

மறுநாள் சங்கு ஊதியது. ஞானபாக்கியம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஞானதுரை மெல்ல நெருங்கினான். "பாக்கியம்... தோப்புல என்ன நடந்துச்சு?"

நிமிர்ந்து பார்த்தாள். "எந்தத் தோப்பு அத்தான்?"

அடப்பாவமே! அம்புட்டும் போச்சா? சோலைராஜ் கதி?

*

டாக்டர் அறைக்கே இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பனை வரவழைத்துவிட்டான் ஞானதுரை.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஞாபகமில்ல சார். டாக்டரம்மா சாட்சியா அவ வாயாலயே கேட்டு எழுதிக்கிட்டா சோலி முடிஞ்சுது!"

"ஏம்மா, ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

ஞானபாக்கியம் காலைத் தரையில் அழுத்தினாள்.

"இருக்கு சார்... எல்லாம் இருக்கு. போலீசு முன்னால சொல்லணும்னுதான் இவங்கிட்ட நடிச்சேன்." கை நீண்டது. "எம் புருஷனை வெட்டுனவன் இந்தா நிக்கான்! அருவாள் தோப்புக் கெணத்துல கெடக்கு!"

ஞானதுரை டாக்டரை நோக்கிப் பாய்ந்தான்.

"ஏட்டி, அடங்கிரும்னு சொன்னியே! அம்புட்டையும் மறக்கட்டும்னுதானே இவளை இங்க கூட்டியாந்தேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"அடங்கினது பயம், அண்ணாச்சி," என்றாள் கிருபாபாய். "ஞாபகத்தை அழிக்க எந்த விரலாலயும் ஆகாது."

"எந் தம்பிய விட்ருங்க சார்..." ஞானபாக்கியம் கும்பிட்டபடியே உடைந்து அழுதாள்.

"விட்ருதேம்மா." ஆவுடையப்பன் விலங்கை மாட்டினார். ஞானதுரையின் தோளில் தட்டினார்.

"ஜெயில்ல தவசிமுத்து கனவுல வந்து உசுர வாங்கினா, கூச்சப்படாமச் சொல்லி அனுப்பும் ஓய்... டாக்டரம்மாகிட்ட நானே கூட்டியாரேன்!"