கோட்டுக்காரன் ஏன் அழுதான்?

பதின்மூன்றாம் பாகம் தொடங்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

லோகாவின் அம்மா வேதவல்லி கேசட்டை வெளியே எடுத்து, ஊதி, திரும்பப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் பூப்பந்துதான். வீடியோ கேசட் இன்னும் உயிரோடு இருந்த 2003ஆம் வருடம் அது. அம்மாவின் ஊரான ஈப்போவிலிருந்து கொரிய நாடகத்தைப் பதிவு செய்து அனுப்பிய மாமா, கடைசி நான்கு பாகங்களின் மேல் ஏதோ ஒரு போட்டியைப் பதிவு செய்து தொலைத்திருந்தார்.

"உன்ர தம்பிக்கு மூளை கிடக்கோ, வேதா?" என்று பொரிந்து தள்ளினார் செல்வராணி அன்ரி.

அன்ரி அம்மாவோடு ஒரே மருத்துவமனையில் வேலை செய்பவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு டப்பா நிறையப் பொரித்த ரோல்ஸோடு, மெல்பர்னின் நோபல் பார்க்கிலிருந்து லோகாவின் வீடு இருக்கும் கிளென் வேவர்லிக்கு வந்துவிடுவார். நாடகம் முடியும்வரை லோகாவின் அப்பாவுக்கு வரவேற்பறையில் இடம் கிடையாது. அவர் கராஜில் உட்கார்ந்து வானொலியில் ஃபுட்டி என்ற அந்த ஊர்க் கால்பந்தாட்ட வர்ணனை கேட்பார்.

நாடகத்தின் கதை இதுதான். பூக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண். கொரியப் பெயர் வாயில் நுழையாததால் 'மல்லிகா' என்று அம்மாவே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். அவளை ஒரு காலத்தில் காதலித்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போய், ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்திருப்பவன் கோட்டுக்காரன். வீட்டுக்குள்ளேகூடக் கோட்டைக் கழற்ற மாட்டான். அந்த ஏழு வருடமும் அவளுக்குத் துணையாக இருந்தவன், பக்கத்துக் கடையில் ரொட்டி சுடும் பாண்காரன். அன்ரியின் ஊரில் ரொட்டிக்குப் பாண் என்று பெயர்.

மல்லிகா யாரைக் கட்டிக்கொள்வாள்? அதுதான் கேள்வி.

"பழைய அன்புதான் ஜெயிக்கும். பாருங்க லா, அக்கா," என்பார் அம்மா. அவருடைய ஊர்ப் பேச்சில் 'லா' ஒட்டிக்கொண்டே வரும்.

"ஏழு வருசம் ஒரு கடிதம் போடாதவனுக்கு என்ன அன்பு? பாண்காரன்தான்!" என்பார் அன்ரி.

இந்த நேரத்தில் பூப்பந்து வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? இருவரும் மெல்பர்னையே சல்லடை போட்டுச் சலித்து, ஒரு கொரியக் கடையில் கடைசி நான்கு பாகங்களைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அதில் கீழே ஆங்கில எழுத்து ஓடவில்லை. எல்லாமே கொரிய மொழி.

"என் வகுப்புல சூமின் இருக்காளே மா," என்றாள் லோகா.

சூமின் தன் அம்மாவோடு கொரியாவின் பூசானிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா வேலைக்காக அங்கேயே தங்கிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். முதல் சனிக்கிழமை வாசலில் காலணிகளைக் கழற்றி நேராக அடுக்கிவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். மூன்று ரோல்ஸ் உள்ளே போன பிறகுதான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் வேறு யார் வீட்டுக்கும் போனதில்லை என்பது லோகாவுக்குத் தெரியும்.

வசனத்தை சூமின் ஆங்கிலத்தில் சொல்வாள். வேகமான ஆங்கிலம் அன்ரிக்குப் பிடிபடாது என்பதால் லோகா அதைத் தமிழில் சொல்வாள். பதின்மூன்றாம் பாகம் இப்படி ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது.

அடுத்த வாரம் பதினான்காம் பாகத்தில்தான் வில்லங்கம் தொடங்கியது.

மழை. மல்லிகாவும் கோட்டுக்காரனும் எதிரெதிரே நிற்கிறார்கள். அவள் தன் விரலிலிருந்த பழைய மோதிரத்தைக் கழற்றி, அவன் உள்ளங்கையில் வைத்து, அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக மூடுகிறாள். நீளமாக ஏதோ சொல்கிறாள்.

சூமின் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"என்னவாம் சொல்லுறாள்?" என்று அன்ரி பறந்தார்.

"அவள்... அவள் சொல்கிறாள்," என்று சூமின் மெதுவாகத் தொடங்கினாள். "'இதைப் பத்திரமாக வைத்திரு. நம் கல்யாணத்தன்று நீயே எனக்குப் போட்டுவிடு.'"

லோகா அதைத் தமிழில் சொன்னதும் அம்மா கைதட்டினார்.

"அப்ப உவன் ஏன் அழுகிறான்?" என்றார் அன்ரி.

"ஆனந்தக் கண்ணீர் லா! நம்ம படத்துல அழுறதில்லையா?"

லோகாவுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. ஆனந்தப்படுகிறவன் இப்படியா நடுத்தெருவில் மண்டிபோட்டு அழுவான்? அவள் சூமினைத் திரும்பிப் பார்த்தாள். சூமின் திரையைப் பார்க்கவே இல்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்தாம் பாகத்தில் கோட்டுக்காரன் பெட்டியும் கையுமாக விமானம் ஏறினான். பாண்காரன் மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கல்யாணச் சாமான் வாங்கப் போகிறானாம். பாண்காரன் மல்லிகாவை வாழ்த்துகிறானாம்," என்றாள் சூமின்.

இது பொய் என்று லோகாவுக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அதையே தமிழில் சொன்னாள்.

அன்ரியின் முகம் வாடிவிட்டது. "சரி வேதா, நீ வெண்டிட்டாய், நான் தோத்திட்டன்," என்று சொல்லிவிட்டுத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. கடைசிப் பாகத்துக்கு மருத்துவமனைத் தோழிகள் ஐந்து பேரை அழைத்துவிட்டார்.

"சனிக்கிழமை ரெண்டு மணி. கறிபாப் செய்றேன். எல்லாரும் வந்துடுங்க!"

திங்கட்கிழமை இடைவேளையில், விளையாட்டுத் திடலின் ஓரத்தில் சூமினை லோகா மடக்கினாள்.

"கடைசிப் பாகத்தில் என்ன நடக்கும்?"

"கல்யாணம்."

"பாண்காரனோடுதானே?"

சூமின் கீழே பார்த்தபடி தலையாட்டினாள். அவள் அந்த நாடகத்தைத் தன் அம்மாவோடு ஏற்கெனவே பார்த்துவிட்டாள்.

"அப்புறம் ஏன் மாற்றிச் சொன்னாய்?"

சூமின் காலணி நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். மணி அடித்துவிடுமோ என்று லோகா பயந்தாள்.

"என் அப்பா வேலைக்காக பூசானில் இருக்கிறார் என்று சொன்னேன் இல்லையா? அது பாதிதான். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். இனிமேல் சேரவே மாட்டோம் என்று அந்தச் சனிக்கிழமை காலையில்தான் அம்மா சொன்னாள். மத்தியானம் மல்லிகா மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் வீட்டிலாவது அவர்கள் சேர்ந்திருக்கட்டும் என்று நினைத்தேன்."

லோகா அவள் பக்கத்தில் நகர்ந்து நின்றாள்.

"நான் இனிமேல் வரமாட்டேன்," என்றாள் சூமின். "கல்யாணத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொய்க்காரி என்பார்கள். அப்பா விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே."

"சத்தியமாகச் சொல்லமாட்டேன்," என்றாள் லோகா.

அந்த வாரம் முழுவதும் அவளுக்குத் தூக்கம் சரியில்லை. வெள்ளிக்கிழமை மாலை அம்மா சமையலறையில் கறிபாப் பலகாரத்துக்குள் வைக்க உருளைக்கிழங்கு வெட்டும்போது, அவள் மெல்லப் போய்க் கடைசிப் பாகத்தின் கேசட்டைக் கையில் எடுத்தாள். நாடாவைக் கொஞ்சம் வெளியே இழுத்தாள். இன்னும் ஒரே ஒரு இழு. நாளைக்குக் கல்யாணமே நடக்காது.

ஆனால் கேசட் கொரியக் கடைக்காரருடையது. அது அறுந்துபோனால் அன்ரி காலம் முழுக்கத் தோற்றவராகவே இருப்பார். சூமினும் பொய்யை நினைத்து இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டாள். லோகா சக்கரத்தை விரலால் சுற்றி நாடாவை உள்ளே விட்டாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"நாளைக்கு வா, சூமின். நீ பேச வேண்டாம். நான் பேசுகிறேன்."

"என்ன பேசுவாய்?"

"என் பொய்யை மட்டும்."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. சூமின் வந்திருந்தாள். ஆனால் மறுபடியும் சோபாவின் நுனியில். அம்மா ரிமோட்டைத் தூக்கிய நேரம், லோகா போய்த் தொலைக்காட்சியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். போன ரெண்டு வாரமும் நான் தமிழ்ல சொன்னது சரியில்ல. கோட்டுக்காரன் கல்யாணச் சாமான் வாங்கப் போகல. அது பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

கறிபாப் தட்டு பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஏன்?" என்றார் அம்மா.

"அதைக் கேக்காதீங்க மா. என் தப்பை மட்டும்தான் என்னால சொல்ல முடியும். என்னைத் திட்டுங்க."

"லோகேஸ்வரி!"

முழுப்பெயர் வந்தால் ஆபத்து என்று லோகாவுக்குத் தெரியும். ஐந்து விருந்தாளிகள் முன்னால் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "உனக்குக் கொரியன் எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணு சொன்னதைத்தானே நீ..."

அம்மா பாதியில் நிறுத்தினார். எல்லோருடைய கண்களும் சூமினிடம் திரும்பின. சூமினின் கண்கள் வாசலுக்குப் போயின. ஓடிவிடுவாளோ? ஓடினால் அவ்வளவுதான், திரும்பி வரவே மாட்டாள். லோகா வேகமாகப் போய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

சூமின் எழுந்து நின்றாள்.

"லோகா இல்லை. நான்தான் மாற்றினேன். அவர்கள் சேர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. மன்னித்துவிடுங்கள்."

பழக்கதோஷம். லோகா அதையும் அன்ரிக்குத் தமிழில் சொன்னாள்.

அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொறு பிள்ளை. அப்ப மல்லிகா ஆரைக் கட்டுறாள்?"

"பாண்காரனை."

"நான் அப்பவே சொன்னனான்!" அன்ரி போட்ட சத்தத்தில் கராஜிலிருந்து அப்பா ஓடி வந்தார். "ரெண்டு கிழமையா எனக்குச் சோறு இறங்கேல்லை!" அன்ரி சூமினின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அறையே சிரித்தது. கோபத்தை முகத்தில் பிடித்து வைக்க அம்மா எவ்வளவோ முயன்றார். முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார்.

பிறகு அம்மா சூமினை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். அவர் பதினைந்து வருடமாக நர்ஸாக இருப்பவர். எதையும் துருவிக் கேட்கவில்லை. பெரிய கறிபாப் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்து, "சாப்பிடு," என்றார். லோகாவிடம், "உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன்," என்றார்.

"முதல்ல பதினாலைப் போடு, வேதா," என்றார் அன்ரி. "மல்லிகா உண்மையில என்ன சொன்னவள் எண்டு எனக்குத் தெரிய வேணும்."

மழை பெய்தது. மோதிரம் வந்தது. மல்லிகா அவன் விரல்களை மூடினாள். சூமின் தொடங்கினாள், நிறுத்தினாள்.

"விடு பிள்ளை," என்றார் அன்ரி மெதுவாக. "பார்க்கவே எங்களுக்கு விளங்குது."

சூமின் மாட்டேன் என்று தலையசைத்தாள். லோகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள் சொல்கிறாள், 'உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாம் சந்தோஷமாக இருந்ததும் பொய் இல்லை. ஆனால் அந்த நாட்கள் இனித் திரும்பி வராது.'"

லோகா அதை ஒரு சொல்கூட விடாமல் தமிழில் சொன்னாள். திரையில் கோட்டுக்காரன் மண்டிபோட்டு அழுதான். ஏன் அழுகிறான் என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

சூமின் மூக்கை உறிஞ்சினாள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கறிபாப்பை ஒரு கடி கடித்தாள்.

"ம்... கடைசிப் பாகத்தைப் போடுங்கள், ஆன்ட்டி," என்றாள். "கல்யாணக் கேக்கைப் பாண்காரனே சுடுவான். ஐந்து மாடி!"