கண்ணாடித் தட்டில் மூன்று அட்டைகள்

புதன்கிழமை, மாலை 5.35. ஓப்பல் ரிக்கர்ட் குளியலறை அலமாரியைத் திறந்தார். வலி மாத்திரைப் புட்டியைக் காணவில்லை.

இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தவை. காலை ஒன்பதுக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு, மீதி இருபத்தாறையும் வைத்துவிட்டு, ஒன்பதரைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வீடு விற்பனைக்கு வந்ததிலிருந்து அதுதான் ஏற்பாடு. வீட்டைப் பார்க்க ஆள் வரும் நாட்களில் அவர் இருக்க மாட்டார். வாசல் கதவில் தொங்கும் எண் பூட்டுச் சாவிப்பெட்டியைத் திறந்து, அதிலிருக்கும் வீட்டுச் சாவியை எடுத்து, ஏஜென்ட்டுகள் தாங்களே உள்ளே வருவார்கள்.

6.10க்கு துப்பறியும் அதிகாரி ஐயோனி பிராடக் வந்தாள். பூட்டு எதுவும் உடைபடவில்லை.

"அலமாரியைப் பூட்டி வெச்சிருக்கலாமே, மிஸஸ் ரிக்கர்ட்?"

"க்ளேயும் அதையேதான் சொல்லிட்டிருந்தான், மருந்தைப் பூட்டுங்க, நகையைப் பூட்டுங்கன்னு. பூட்டினா சாவியை எங்க வெச்சேன்னு எனக்கே மறந்துடும், கண்ணு."

க்ளே டென்ஹாம், அந்த வீட்டை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்.

சமையல் மேடையில் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு இருந்தது. வீட்டைக் காட்ட வரும் ஏஜென்ட்டுகள் போகும்போது தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள்.

"இதைத் தொட்டீங்களா?"

"இல்லை. காலைல கிளம்பறப்போ காலி பண்ணுவேன், ராத்திரி சாப்பாடு ஆனதும் எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணுவேன். இன்னிக்கு இன்னும் சாப்பிடலையே."

ஐயோனி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். மேலே பச்சை அட்டை, அதன் கீழே சிவப்பு, அடியில் வெள்ளை. வெள்ளை அட்டையில் இருந்த பெயரை அவள் இரண்டு முறை படித்தாள்.

மார்வா டில்லட்சன். பள்ளிக்கூடத்து நர்ஸ். ஏஜென்ட் லைசென்ஸும் வைத்திருந்தாள்.

ஐயோனியின் மகளுக்கு மூச்சிரைப்பு வந்த நாளில், ஆம்புலன்ஸ் வரும்வரை அவளை மடியில் சாய்த்து வைத்திருந்தவள் மார்வா. தனக்குப் பிடித்தவர்களைச் சந்தேகிக்கும்போது ஐயோனிக்குத் தன்மீதே ஒரு சந்தேகம் வரும். அதனாலேயே அவர்களிடம் கூடுதலாகக் கடுமை காட்டுவாள். அது நேர்மையா, வெறும் பயமா என்று அவளுக்குத் தெரியாது.

இரவு 8.00க்குச் சாவிப்பெட்டியின் பதிவு கைக்கு வந்தது. யார் எப்போது திறந்தாலும் அது குறித்து வைத்துக்கொள்ளும். 10.05, க்ளே. 11.20, சிவப்பு அட்டைக்காரி. 1.15, பச்சை அட்டைக்காரர். 3.50, ஒரு நாள் எண். பெட்டியைத் திறக்கும் செயலி போனில் இல்லாத ஆட்களுக்காக ஏஜென்ட் கொடுக்கும் தற்காலிக எண் அது. கொடுத்தவர் பெயர் க்ளே டென்ஹாம் என்றிருந்தது.

வியாழன், காலை 8.15. பள்ளி மருத்துவ அறை.

"நான் வீடு காட்டறதே இல்லை, ஐயோனி," என்றாள் மார்வா. "வீடு வாங்கணும், விக்கணும்னு யாராவது சொன்னா, முழுநேர ஏஜென்ட்கிட்ட அனுப்பி வைப்பேன். வியாபாரம் முடிஞ்சா அவங்க கமிஷன்ல கால்வாசி எனக்கு வரும். லைசென்ஸ் எடுத்ததே அதுக்குத்தான். ஓப்பலையும் அப்படித்தான் க்ளேகிட்ட அனுப்பினேன்."

"உங்க கார்டு அங்க இருந்துச்சு."

"என் கார்டு இந்த ஊர்ல எங்கதான் இல்லை? பல் டாக்டர் கிளினிக்ல கூடக் கிடக்கு."

"மூணு அம்பதுக்கு எங்க இருந்தீங்க?"

"ஏரிக்கரையில. கார்ல உக்காந்து பாதி சாண்ட்விச் சாப்பிட்டேன். தனியாத்தான்."

"க்ளேயோட ஏதாவது சண்டையா?"

மார்வா காய்ச்சல்மானியை உறையில் போட்டாள். "போன வருஷம் ஒரு டீச்சர் தம்பதியை அவர்கிட்ட அனுப்பினேன். அவங்க வாங்கற எண்ணத்தை விட்டுட்டாங்கன்னு சொன்னார். திங்கக்கிழமை அவங்களைப் பாத்தேன். க்ளே மூலமாத்தான் வீடு வாங்கினாங்களாம். குடிபோயே எட்டு மாசம் ஆச்சாம். என் கால்வாசியையும் அவரே வெச்சுக்கிட்டார். மாநில உரிம ஆணையத்துக்குப் புகார் எழுதப்போறேன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன்."

எழுத நினைத்தவளுக்குக் கோபம் இருந்திருக்கும். க்ளேயின் பொறுப்பில் இருக்கும் வீட்டில் திருட்டு நடந்தால் கெட்டுப்போவது அவன் பெயர். ஐயோனி அப்படியும் யோசித்தாள். யோசித்தது மார்வாவின் முகத்தில் தெரிந்தது.

வாசலில் தலைமையாசிரியர் வந்து நின்றார். "இது முடியற வரைக்கும் வீட்டுல இருங்க, மார்வா. காணாமப் போனது மாத்திரை. நீங்க நர்ஸ். பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மார்வா தன் மேலங்கியை எடுத்துக்கொண்டாள். பதினெட்டு வருட வேலை.

காலை 11.00. க்ளேயின் அலுவலகம். மேஜையில் பூசணி டோனட் பெட்டி திறந்திருந்தது.

"எடுத்துக்குங்க, ஆபீசர். போலீஸ்னாலே டோனட்தான்னு ஊரே சொல்லுது, நீங்க வேண்டாங்கறதா?"

"ஒரு நாள் எண்ணை யாருக்குக் கொடுத்தீங்க?"

"மார்வாவுக்கு. ஓப்பலோட மருந்தையெல்லாம் எடுத்துப் பூட்டி வைக்கறேன்னாங்க. நர்ஸ் சொன்னா நம்ப மாட்டோமா?"

"போன்ல கேட்டாங்களா?"

"நேர்ல."

"நீங்க காலைல எதுக்குப் போனீங்க?"

"விளக்கைப் போட்டு, திரையை விலக்கி வைக்க. அஞ்சு நிமிஷம்."

"திருட வந்தவங்க கார்டை வெச்சுட்டா போவாங்க?"

க்ளே சிரித்தான். "எங்க தொழில் உங்களுக்குப் புரியாது. அடுத்தவன் விக்கற வீட்டுக்குள்ள போனா, கை தானா கார்டை எடுத்து வெச்சுடும். செருப்பைக் கழட்டற மாதிரி."

"மார்வா வீடு காட்டறதே இல்லைங்கறாங்களே. அந்தப் பழக்கம் அவங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

அவன் டோனட்டைக் கடித்தான்.

மதியம் 2.00. ஐயோனி மூன்று அட்டைகளையும் தன் மேஜையில், எடுத்த வரிசையிலேயே வைத்தாள். பக்கத்தில் சாவிப்பெட்டிப் பதிவு. முந்தின நாள் மாலை அவள் மார்வாவின் பெயரை மட்டும்தான் பார்த்திருந்தாள். அந்தப் பெயர் வேறு எதையும் பார்க்க விடவில்லை.

தொலைபேசியை எடுத்து சிவப்பு அட்டைக்காரியை அழைத்தாள்.

மாலை 4.30. நீதிபதியின் அனுமதியோடு, க்ளேயின் காரின் பின்பெட்டியைத் திறந்தார்கள். 'விற்பனைக்கு' பலகைகளுக்கு அடியில், ஒரு கையுறைக்குள் மாத்திரைப் புட்டி இருந்தது.

"யாரோ கொண்டுவந்து போட்டிருக்காங்க," என்றான் க்ளே.

"கார்டு மட்டும் பொய் சொல்லலை, மிஸ்டர் டென்ஹாம். தட்டு கார்டு அளவுதான். ஒண்ணுமேல ஒண்ணுதான் விழும். காலைல அது காலியா இருந்துச்சு. பதினொண்ணு இருபதுக்குச் சிவப்பு, ஒண்ணேகாலுக்குப் பச்சை. மார்வா மூணு அம்பதுக்கு வந்திருந்தா அவங்க கார்டு எல்லாத்துக்கும் மேல இருக்கணும். அடியில இருந்துச்சு."

"வந்தவங்க யாராவது கலைச்சிருப்பாங்க."

"சிவப்பு கார்டுக்காரங்ககிட்ட கேட்டேன். அவங்க போடறப்பவே தட்டுல ஒரு வெள்ளைக் கார்டு கிடந்துச்சாம். அவங்களுக்கு முன்னாடி உள்ள போனது நீங்க ஒருத்தர்தான். காலைலயே மாத்திரையை எடுத்துட்டு கார்டை வெச்சீங்க. சாயங்காலம் வாசல்ல நின்னு ஒரு நாள் எண்ணைப் போட்டுப் பெட்டியைத் திறந்து மூடினீங்க. ஸ்கூல் முடிஞ்ச நேரமாப் பதிவாகணும், ஆனா உள்ள போறதை யாரும் பாத்துடக் கூடாது."

"நான் ஏன் அப்படிச் செய்யணும்?"

"மறைச்ச கமிஷன் வெளிய வந்தா உங்க லைசென்ஸ் போயிடும். மாத்திரை திருடின நர்ஸ் எழுதற புகாரை யார் நம்புவாங்க? கணக்கு சரிதான். ஆனா நீங்களே விக்கற வீட்டுல உங்க கார்டை நீங்க வைக்கறதில்லை. அதனால வரிசை உங்களுக்குத் தோணவே இல்லை."

க்ளே வக்கீலைக் கேட்டான்.

மாலை 6.20. மார்வாவின் வீட்டு வரவேற்பறையில் நின்றபடியே ஐயோனி தலைமையாசிரியரை அழைத்து, நடந்ததைச் சொல்லி, போனை மார்வாவிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் நெடுநேரம் மன்னிப்பும் இருமலும் கேட்டன. திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், நாளையே வேலைக்கு வரலாம் என்றார் தலைமையாசிரியர்.

மார்வா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எப்போ என்மேல இருந்த சந்தேகம் போச்சு?"

பொய் சொல்ல நல்ல இடம். ஐயோனி கதவைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு."

மார்வா தலையாட்டினாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

"பரவாயில்லை. காலைல வீட்டுக்கு வந்ததும், அந்த மாத்திரைப் புட்டி இருக்கான்னு என் ஹேண்ட்பேகை நானே ரெண்டு தடவை கொட்டித் தேடினேன்."