வெர்னன் கிம்பல் மாட்டிய துப்பாக்கி

"ஐயோ... போச்சு... எல்லாம் போச்சு!"

அலறல் அந்தப் பண்ணை வீட்டின் சமையலறையிலிருந்து வந்தது.

வேலியைத் தாண்டிக்கொண்டிருந்த லைல் ஸ்டிக்னி, ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கமாக அப்படியே உறைந்தான்.

கொலையா?

இடது கையில், கல்லாப் பணத்தைத் திணித்த சாக்குப் பை. வலது கையில் கைத்துப்பாக்கி. பின்னால் சாலையோரத்தில் அவனுடைய கார் ஆவி கக்கியபடி செத்துக் கிடந்தது. அதற்கும் பின்னால், எங்கோ தொலைவில்... சைரன்.

வேறு வீடு பார்க்கலாம் என்றால் முடியாது. அமெரிக்காவின் வயோமிங்கில் பக்கத்து வீடு என்பது அடிவானத்தில் இருக்கும்.

லைல் பிறவித் திருடன் இல்லை. போன வசந்தம் வரை, டவுனில் பர்க்கெட் என்பவரின் துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தவன். 'இது உங்களுக்கு வேண்டாம், அது உங்களுக்கு ஒத்துவராது' என்று வாடிக்கையாளர்களிடம் உண்மை பேசியே வேலையை இழந்தவன். இன்று மத்தியானம் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அதே கடைக்குப் போய், அதே கல்லாவைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறான்.

முதல் திருட்டு.

கைக்குட்டையைச் சரிசெய்தான். ஓடினான். பின்கதவை எட்டி உதைத்தான்.

கதவு தாழிடப்படவே இல்லை. உதைத்த வேகத்தில் சமையலறைக்குள் பறந்து போய், தடுமாறி நின்றான்.

"யாரும் அசையக் கூடாது."

"நீ அசையாதே," என்றது ஒரு குரல், தரையிலிருந்து. "தூக்கின காலைக் கீழே வைக்காதே. அப்படியே நில்லு."

லைல் அப்படியே நின்றான். ஒற்றைக் காலில்.

மேஜைக்கு அடியில், பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டியபடி, அறுபது தாண்டிய ஒருவர் நான்கு காலில் ஊர்ந்துகொண்டிருந்தார். வெர்னன் கிம்பல். இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது.



"என்ன... வெடிகுண்டா?"

"ஸ்ப்ரிங்."

"என்னது?"

"ஸ்ப்ரிங் தம்பி. அரிசி மாதிரி இத்தனூண்டு. விர்ருனு பறந்து போச்சு."

அடுப்பருகே நின்ற அவருடைய மனைவி அர்லீன், இறைச்சியும் பீன்ஸும் போட்டுக் கொதிக்கும் சில்லிப் பாத்திரத்தைக் கிளறுவதை நிறுத்தவில்லை. லைலைப் பார்த்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள்.

"கொள்ளையடிக்க வந்தீங்களா தம்பி?"

"ஆமா."

"கொஞ்சம் பொறுங்க. அந்த ஸ்ப்ரிங் கிடைக்காம அவர் எதையும் காதுல வாங்க மாட்டார். ஏற்கெனவே ஒண்ணு பறந்து போய் பூனையைப் பயமுறுத்திடுச்சு. பூனை இன்னும் வீடு திரும்பல."

லைலுக்குக் கோபம் வந்தது. முகமூடி, துப்பாக்கி, இரைச்சலான நுழைவு... எல்லாம் வீண். மிரட்டுவதற்காகத் திரும்பியவனின் கண்ணில் மேஜை பட்டது.

அவ்வளவுதான்.

பழைய படுக்கை விரிப்பின் மேல், ஒரு ரைஃபிளின் பாகங்கள் திருவிழாக் கடை போலச் சிதறிக் கிடந்தன. ஊசிகள், திருகுகள், குழல், கட்டை. நடுவில் ஒரு பெரிய ஆணிச் சுத்தியல். பக்கத்தில் வெண்ணெய் தடவும் கத்தி.

லைல் ஒரு பாகத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"யோவ் பெரியவரே... சுத்தியலாலயா தட்டினே?"

"லேசாத்தான்."

"லேசா தட்டினியா? இங்க பாரு, பக்கமெல்லாம் கோடு கோடா கீறல். பூனை பிராண்டின மாதிரி. பித்தளைச் சுத்தியல் வேணும். நுனியில டேப் சுத்தணும். யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. சர்ச்சுல ஒருத்தர் ட்ரிகரை முதல்ல மாட்டுன்னாரு. முடிவெட்டுறவரு கடைசியில மாட்டுன்னாரு. என் மச்சான் மாட்டவே மாட்டாதேன்னான்."

"அவன்தான் சரியாச் சொல்லியிருக்கான்."

வெர்னன் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். முகம் வாடியிருந்தது.

"நீயும் அதையே சொல்றியா? வெர்னன் துப்பாக்கியைத் தூக்கினா கயோட்டி நரி வந்து பாடம் எடுக்கும்னு போன வருஷம் எல்லார் முன்னாடியும் சொன்னான் தம்பி. என் பொண்டாட்டி கூடச் சிரிச்சா."

"எனக்குச் சிரிப்பு வந்துச்சு, என்ன பண்றது," என்றாள் அர்லீன். "ஆனா கோழியை எல்லாம் நரி தூக்கிட்டுப் போனப்ப நான் சிரிக்கல."

"அதான் பாகமா வாங்கி நானே ஒண்ணு மாட்டி, நானே சுட்டு, அவன் வாயை அடைக்கலாம்னு..." வெர்னனின் குரல் கம்மியது. "வாழ்க்கையில ஒண்ணையாவது நான் உருப்படியா செஞ்சு முடிக்கணும் தம்பி."

சைரன் சற்று நெருங்கியது. பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பி மங்கியது.

போ லைல், என்றது மூளை. வண்டிச் சாவியைக் கேள். போ.

லைல் கைக்குட்டையைக் கழுத்துக்கு இறக்கினான். சாக்கை மூலையில் போட்டான்.

"பெரிய பிளாஸ்டிக் பை இருக்கா? உள்ளே தெரியற மாதிரி?"

அர்லீன் எடுத்துக் கொடுத்தாள்.

"ஸ்ப்ரிங் மாட்டுற வேலை எல்லாம் இனிமே இந்தப் பைக்குள்ள கையை விட்டுச் செய். பறந்தாலும் பைக்குள்ளதான் விழும். ரெண்டாவது... பாகத்தை இப்படிக் கொட்டி வைக்காதே. ஒவ்வொண்ணா எடுத்துப் பேர் சொல்லி அடுக்கு. பேர் தெரியாத பாகத்தை மாட்டாதே. மூணாவது, போக மாட்டேங்குதா? அடிக்காதே. அது போக மாட்டேங்குதுன்னா நீ தப்பாப் பண்றேன்னு அர்த்தம்."

"எழுதிக்கட்டுமா?"

"கேளு, போதும். நம்பர் போட்ட இந்த உடம்புப் பாகம்... கடையில உன்னைப் பத்தி முறையா விசாரணை எல்லாம் முடிச்சு, கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினே?"

"ஆமா."

"நல்லது. சட்டத்தை மட்டும் மீறிடக் கூடாது."

அர்லீன் மூலையில் இருந்த சாக்கைப் பார்த்தாள்.

"முக்கியமான விஷயம்," என்றான் லைல். "துப்பாக்கி பிரிச்சு வச்சிருக்கிற ரூம்ல ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது. எங்கே வச்சிருக்கே?"

"சர்க்கரை டப்பா பக்கத்துல."

"கடவுளே... அம்மா, அதை எடுத்துட்டுப் போய் வேற ரூம்ல வச்சுப் பூட்டுங்க. இது விளையாட்டு இல்ல. இது விதி."

அர்லீன் தோட்டாப் பெட்டியை எடுத்தாள். நகரவில்லை.

"அப்ப உங்க கையில இருக்கிறதுல?"

லைல் குனிந்து தன் கைத்துப்பாக்கியைப் பார்த்தான். அதில் ஆறு தோட்டாக்கள்.

அடுப்பில் சில்லி கொதித்தது.

விதி விதிதான். இப்படிக் கறாராக இருந்ததால்தானே பர்க்கெட்டோடு சண்டை வந்தது? அதற்காகத்தானே வேலையே போனது? லைல் பெருமூச்சு விட்டான். தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே தட்டி, அர்லீனின் உள்ளங்கையில் வைத்தான்.

"பத்திரமா பூட்டுங்கம்மா."

"ரொம்பப் பத்திரமா பூட்டுறேன் தம்பி," என்று அர்லீன் உள்ளே போனாள். திரும்பி வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அதற்குள் இருவரும் தரையில் படுத்து ஸ்ப்ரிங்கைத் தேடினார்கள். அது வெர்னனின் சட்டைப் பாக்கெட்டிலேயே விழுந்திருந்தது.

வேலை தொடங்கியது. வெர்னன் பைக்குள் கையை விட்டார். ஸ்ப்ரிங் பறந்தது. பைக்குள்ளேயே விழுந்தது. அதைப் பார்த்து அவர் குழந்தை போலச் சிரித்தார். அடுத்த தடவை அது உட்கார்ந்தது.

"உக்காந்துடுச்சு தம்பி."

"பார்த்தேன்."

"நான்தான் மாட்டினேன்."

"நீதான்."

லைலுக்குள் ஏதோ நெகிழ்ந்தது. பர்க்கெட் கடையில் அவன் இருந்த காலம் முதல் இன்று வரை, அவன் சொன்னதை முழுசாகக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் இவர்தான். சில்லி வந்தது. கூடவே லவங்கப்பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டி. லைல் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் குழலை எடுத்துப் பார்த்தான். அதன் பக்கவாட்டில் பொறித்திருந்த அளவைப் படித்தான்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"அம்மா... நீங்க பூட்டின பெட்டியில என்ன அளவு போட்டிருந்துச்சு?"

அர்லீன் சொன்னாள்.

லைலின் முகம் வெளுத்தது. தட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

"பெரியவரே. இந்தக் குழலுக்கு அந்தத் தோட்டா இல்ல."

"ஆனா பார்க்க அதே மாதிரிதானே இருக்கு?"

"அதான் ஆபத்து. அது அழகா உள்ளே போய் உக்காரும். ஆனா குண்டு இந்தக் குழலைவிடப் பருமன். வெளியே போக வழி இல்ல. நீ விசையை அமுக்கியிருந்தா நரி ஓடியிருக்கும். துப்பாக்கி உன் மூஞ்சியில வெடிச்சிருக்கும்."

வெர்னன் பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அர்லீனின் கை அவர் தோளுக்குப் போனது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்குச் சுடறதா இருந்தார்," என்றாள் மெதுவாக.

"ரெண்டையும் சேர்த்து வித்தது யாரு?"

"டவுன்ல பர்க்கெட். ரெண்டும் ஒண்ணுதான், கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போன்னாரு."

லைல் கண்ணை மூடிக்கொண்டான். கல்லாவைத் துடைத்ததற்காகக் காரில் வரும் வழியெல்லாம் மனதை உறுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, அந்த நொடியில் உறுத்துவதை நிறுத்தியது.

"அதைத் திருப்பிக் கொடுத்துட்டு சரியான தோட்டாவா வாங்கு."

"கடை இன்னிக்குத் திறந்திருக்குமா தம்பி?"

"இன்னிக்கு..." லைல் இருமினான். "இன்னிக்கு இருக்காது."

சீக்கிரமே ரைஃபிள் முழுதாக மேஜையில் கிடந்தது. கீறல்கள் இருந்தன. ஆனால் எதுவும் ஆடவில்லை. எதுவும் மிச்சமில்லை. வெர்னன் அதைத் தொடாமல், பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் தடவை சுடறதுக்கு முன்னாடி, விஷயம் தெரிஞ்ச ஆள்கிட்ட ஒரு தடவை காட்டிடு," என்றான் லைல்.

"தெரிஞ்ச ஆள் நீதானே."

"நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

அப்போது மறுபடியும் சைரன். இந்த முறை ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை. நேராக வந்தது.

லைல் பாய்ந்து சாக்கை எடுத்தான். காலித் துப்பாக்கியைக் காட்டி மிரட்ட அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"வண்டிச் சாவி வேணும்."

வெர்னன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்து அவன் கையில் வைத்து அழுத்தினார்.

"எடுத்துக்கோ. என் உயிரைக் காப்பாத்தியிருக்கே. ஒரு வண்டி என்ன பெரிசு?"

"வெர்னன்," என்றாள் அர்லீன், "அந்த வண்டி..."

"பரவால்ல அர்லீன். மனசாரத்தான் கொடுக்கிறேன்."

லைல் சாவியை இறுக்கிப் பிடித்தான். ஓடினான்.

முற்றத்தில் நின்ற பிக்கப் வண்டி ஒரே முறுக்கில் கிளம்பியது. சரளைக் கல் பறந்தது. கண்ணாடியில் ஷெரீஃபின் கார் தெரிந்தது... சிறிதாக, வெகு தொலைவில். ஒரே ஒரு வளைவு, அதைத் தாண்டினால் பக்கத்து மாநிலமான மொன்டானாவின் எல்லை வரை நேர் சாலை. தப்பித்தாகிவிட்டது!

வளைவு வந்தது.

லைல் ஸ்டீயரிங்கைத் திருப்பினான்.

ஸ்டீயரிங் திரும்பியது.

வண்டி திரும்பவில்லை.

ஸ்டீயரிங் முழுசாகக் கழன்று அவன் மடியில் வந்து விழுந்தது. வண்டி வேலியை உடைத்துக்கொண்டு போய், கிம்பல் வீட்டு வைக்கோல் போரில் மூக்கைப் புதைத்து நின்றது.

சற்று நேரத்தில், தலையெல்லாம் வைக்கோலும் கையில் ஸ்டீயரிங்குமாக லைல் வீட்டு முற்றத்தில் நின்றான். பக்கத்தில் ஷெரீஃப் ஹோலிஸ்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி," என்றாள் அர்லீன். "தோட்டாவைப் பூட்டப் போனப்ப ஃபோன் பண்ணிட்டேன். அப்ப உங்களை எனக்குச் சரியாத் தெரியாதே."

வெர்னன் கண்கலங்கி நின்றார்.

"ஜட்ஜ்கிட்ட நானே வந்து சொல்றேன் தம்பி, நீ என் உயிரைக் காப்பாத்தினேன்னு. இந்த ஸ்டீயரிங் எப்படிக் கழண்டுச்சுன்னுதான் புரியல. போன மாசம் நானே பிரிச்சு நானே மாட்டினது. கொஞ்சம் நட்டு மிச்சமாச்சு. கம்பெனிக்காரன் தாராளமா கொடுத்திருப்பான்னு விட்டுட்டேன்."

லைல் கையிலிருந்த ஸ்டீயரிங்கை அவரிடமே நீட்டினான்.

ஷெரீஃப் இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுத்தார். அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இழுத்தார். திறக்கவில்லை.

"இப்படிக் கொடுங்க ஷெரீஃப்," என்று வெர்னன் கை நீட்டினார். "நான் மாட்டி விடுறேன்."

"வேண்டாம் வெர்னன்..."

ஆனால் லைல் முகம் மலர்ந்து, இரண்டு கைகளையும் வெர்னனை நோக்கி ஆவலாக நீட்டினான்.

"அவரே மாட்டட்டும் ஷெரீஃப். அவர் தனியா மாட்டினது எதுவும் கழலாம நின்னதில்ல... இந்த விலங்கும் நிக்காது."