பக்கத்து வீட்டின் ஆட்சேபனை

மாடி எழும்பினால்தான் மகனும் மருமகளும் என்னோடு இருப்பார்கள். இல்லையென்றால் பிரசவத்துக்கு முன்பே வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இருப்பவர்களுக்கே மூச்சு முட்டும் வீட்டில் தொட்டிலை எங்கே கட்டுவது என்று மருமகள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் நகராட்சி விதி குறுக்கே நின்றது. பக்கத்து வீட்டில் ஆள் வசிக்கும் அறையின் ஜன்னல் எங்கள் பக்கம் இருந்தால், அதன் வெளிச்சத்தை மறைத்துச் சுவர் எழுப்பக் கூடாதாம்.

"அங்க ஈ காக்கா கூட இல்ல சார்" என்று அடித்துச் சொன்னேன்.

பார்வையிட வந்த ஆய்வாளர் சிரித்தார். "நீங்க சொல்லிட்டா ஆச்சாம்மா? நான் பாத்துத்தான் எழுதணும்."

அந்த வீட்டுச் சாவி என்னிடம்தான் இருந்தது. அதன் சொந்தக்காரர் வெளிநாட்டில். நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்தே அது பூட்டிய வீடு. மத்தியான வெயிலில் ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அடைந்து கிடந்த வாடை அடிக்குமே என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அடிக்கவில்லை. குழந்தைக்குப் போடும் பவுடர் வாசனை வந்தது. மாடி அறைக்குப் போனோம். ஜன்னல் முழுக்கத் தூசி அப்பியிருந்தது. ஒரு கண்ணாடி மட்டும் பளிச்சென்று துடைத்திருந்தது. அதன் வழியாக வெயில் தரையில் விழுந்தது.

ஆய்வாளர் கவனிக்கவில்லை. நானும் காட்டவில்லை. என் கவலை எனக்கு.

அவர் டேப்பை வைத்து ஜன்னலை அளந்தார். பிறகு வெற்று அறையைப் பார்த்து, "பக்கத்துல மாடி கட்டறாங்க. ஆட்சேபனை இருந்தா சொல்லலாம்" என்றார்.

"யார்கிட்ட சார் கேக்கறீங்க?"

"கேக்கணும்னு விதிம்மா. ஆளில்லாட்டியும் கேட்டாகணும்."

சொல்லிவிட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்க்க இறங்கிப் போனார்.

நான் மட்டும் நின்றேன்.

தரையில் கிடந்த வெயில் மங்கியது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

"வெளிச்சம் போச்சுன்னா" என்றது ஒரு பெண் குரல், என் காதோரமாக, ரொம்பப் பணிவாக, "நான் எங்கக்கா போவேன்?"

தலைதெறிக்க ஓடியிருக்க வேண்டும். இந்தப் பாழாய்ப் போன வாய் விடவில்லை. அக்கம்பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் ஒப்புக்கு ஒன்று சொல்வோமே, அது தானாக வந்துவிட்டது.

"நம்ம வீட்டுக்கு வாங்களேன்."

வெயில் திரும்பியது.

"அப்ப ஆட்சேபனை இல்லக்கா."

ஆய்வாளரிடம் நான் மூச்சு விடவில்லை. ஆளில்லாத வீடு என்று எழுதிக்கொண்டு போனார். அனுமதி வந்தது. எங்கள் சுவர் எழும்பி அந்த ஜன்னலை அடைத்துவிட்டது. பேரனும் பிறந்தான். எல்லாம் பிரமைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பேரன் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்தும் போனேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில் மருமகள் என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்காரி, முகத்தில் களைப்பே இல்லை.

"ராத்திரி பையன் தூங்க விடறானாம்மா?"

"நல்லாவே தூங்கறேன் அத்தை. அதான் அந்த அக்கா பாத்துக்கறாங்களே."

"எந்த அக்கா?"

"என்னத்தை, தெரியாத மாதிரி கேக்கறீங்க. பக்கத்து வீட்டு அக்காதான். நீங்கதான் வரச் சொன்னீங்களாமே."



மாடியில் பேரன் வீறிட்டு அழுதான். மகன் அப்போதே வேலைக்குப் போய்விட்டான். மேலே குழந்தையைத் தவிர யாரும் இல்லை. நான் படிக்கட்டுப் பக்கம் பாய்ந்தேன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க அத்தை. அவங்க எடுத்துக்குவாங்க."

அழுகை நின்றது.